தண்ணீர் ஊற்றினால் பந்து வருமா? குழந்தைகளின் படைப்பாற்றலைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. கொடிக்கயிறு கட்டுவதற்காக அப்பா காலத்தில் சிமெண்டில் பதித்தது. இடுப்பு உயரம், இரண்டு அங்குல வாய், மேலே மூடி கிடையாது. போன கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஐந்து வயது. அவன் தட்டித் தட்டி விளையாடிய டேபிள் டென்னிஸ் பந்து துள்ளிப் போய் அந்தக் குழாய்க்குள் விழுந்துவிட்டது.

கை நுழையவில்லை. சமையலறை இடுக்கியை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. துடைப்பக் குச்சி நான்கைச் சேர்த்துக் கட்டி, முனையில் மென்று துப்பிய சூயிங்கத்தை ஒட்டி உள்ளே இறக்கினேன். சூயிங்கம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டது, பந்தில் ஒட்டவில்லை. கால்மணி நேரம் இப்படி வேர்த்துக்கொண்டிருந்தபோது பையன் கீழே போய் பாத்ரூம் மக்கில் தண்ணீரோடு வந்தான். ஒன்றும் சொல்லாமல் குழாயில் ஊற்றினான். இன்னொரு மக், இன்னொரு மக். பந்து மிதந்து மேலே வந்து நின்றது.

அன்று ராத்திரி சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொன்னேன், பையன் ஜீனியஸ் என்று.

மூன்று நாள் கழித்து அக்காவின் தோட்டுத் திருகாணி பீரோவுக்கு அடியில் உருண்டு போனது. ஜீனியஸ் அதே மக்கோடு ஓடி வந்தான். யாரும் தடுப்பதற்குள் பீரோவுக்கு அடியில் முழு மக்கையும் கவிழ்த்துவிட்டான். தங்கத் திருகாணி மிதக்குமா? கீழ்த்தட்டில் இருந்த பட்டுப் புடவைக்கு ஈரம் ஏறியதுதான் மிச்சம். “பந்து வந்துச்சுல்ல மாமா?” என்று என்னைக் கேட்டான். நியாயமான கேள்விதான்.

குழந்தைகளிடமிருந்து படைப்பாற்றலைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு நாளும் சேர்ந்தே ஞாபகம் வரும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது எளிது. குழந்தைகள் பிறவிக் கலைஞர்கள், பள்ளிக்கூடம் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று முடித்துவிடலாம். ஆய்வுகள் சொல்வது அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது, கூடவே சுவாரசியமானதும்கூட.

முதலில் சொல்லுக்குப் பொருள். படைப்பாற்றல் என்றால் உளவியலாளர்கள் பொதுவாக இரண்டு நிபந்தனை வைக்கிறார்கள். புதிதாக இருக்க வேண்டும், பொருந்தவும் வேண்டும். 1953-லேயே மாரிஸ் ஸ்டெய்ன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஏறக்குறைய இப்படித்தான் வரையறுத்தார். வெறுமனே புதிது என்றால் அது உளறலாகவும் இருக்கலாம். வெறுமனே பொருந்துகிறது என்றால் அது பழக்கம். குழாயில் தண்ணீர் ஊற்றியது இரண்டு நிபந்தனையையும் தாண்டியது, பீரோவில் ஊற்றியது முதல் நிபந்தனையோடு நின்றுவிட்டது. பெரியவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். நமக்குப் பொருத்தம் பார்க்கத் தெரியும், புதிதுதான் வராது.

ஏன் வராது?

பெட்டி என்றால் பெட்டி மட்டும்தானா

கார்ல் டங்கர் என்ற ஜெர்மன் உளவியலாளர் ஒரு புதிர் வைத்தார். அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து, 1945-ல் ஆங்கிலத்தில் வெளியான ஆய்வில் அது இருக்கிறது. மேஜைமேல் சில பொருட்கள்: மெழுகுவர்த்தி, தீக்குச்சி, ஒரு சின்ன அட்டைப்பெட்டி நிறைய குத்தூசிகள். மெழுகுவர்த்தியைச் செங்குத்தாக நிற்கும் பலகையில் எரியும்படி பொருத்த வேண்டும். பலர் மெழுகுவர்த்தியிலேயே ஊசியைக் குத்திப் பார்த்தார்கள். சிலர் மெழுகை உருக்கி ஒட்டிப் பார்த்தார்கள். விடை இதுதான்: பெட்டியைக் காலி செய்து, அதைப் பலகையில் குத்தூசியால் அடித்து, அதற்குள் மெழுகுவர்த்தியை நிறுத்தலாம்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஊசிகளை வெளியே கொட்டிவிட்டு, காலிப்பெட்டியைத் தனியாக வைத்தால் விடை கண்டுபிடிப்பவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். பெட்டிக்குள் ஊசி இருக்கும்போது அது ‘ஊசி வைக்கிற பெட்டி’. அந்த வேலையில் ஏற்கெனவே அமர்த்தப்பட்டுவிட்ட பொருளுக்கு இன்னொரு வேலை தரலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. இதற்கு ‘ஃபங்ஷனல் ஃபிக்ஸட்னெஸ்’ என்று பெயர். தமிழில் ‘பயன் ஒட்டு’ என்று வைத்துக்கொள்வோம். பொருளோடு அதன் வழக்கமான பயன் பசை போட்டு ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

குழந்தைகளுக்கு இந்த ஒட்டு உண்டா? 2000-ல் டிம் ஜெர்மன், மார்கரெட் டிஃபெய்ட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு கரடி பொம்மை உயரத்தில் இருக்கும் பலகையை எட்ட வேண்டும். மரக்கட்டைகளை அடுக்கினால் மட்டும் எட்டாது. ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் அடுக்கினால் எட்டும். சிலருக்குப் பெட்டியைக் காலியாகக் கொடுத்தார்கள், சிலருக்கு அதற்குள் சாமான்களைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு, ஏழு வயதுக்காரர்கள் நம்மைப் போலவே நடந்துகொண்டார்கள். பெட்டியில் சாமான் இருந்தால் அதைக் கவிழ்க்கலாம் என்று தோன்ற நேரம் பிடித்தது. ஐந்து வயதுக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பெட்டிக்குள் எது இருந்தாலும் அவர்களுக்கு அது கவிழ்க்கக்கூடிய ஒரு சாமான்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒட்டு காய்ந்து இறுகிவிடுகிறது. பொருட்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரியத்துக்காகச் செய்யப்பட்டவை என்ற புரிதல் அந்த வயதில் பலப்படுவதுதான் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். அது நல்ல புரிதல், அது இல்லாமல் ஒரு சமையலறையைக்கூட நடத்த முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

நுங்கைத் தின்றுவிட்டு நாம் தூக்கிப் போடும் பனங்காய் நமக்குக் குப்பை. இரண்டு காய்களை ஒரு குச்சியில் செருகி, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் ஓடிய பையனுக்கு அது சக்கரம். காலித் தீப்பெட்டி இரண்டும் நூலும் சேர்ந்தால் போன். பூவரசம் இலையைச் சுருட்டினால் பீப்பி. இவற்றையெல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளிடமிருந்து அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு நேராகவே போயிருக்க வேண்டும்.

இப்போது ஜீனியஸ் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்

மொட்டைமாடிச் சம்பவத்தைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவனுக்கு ஒரு நாள் விஷயம் தெரிந்தது. இதே சோதனையை உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள், ஒரு நீளமான கண்ணாடிபோன்ற குழாயில் கொஞ்சம் தண்ணீரும் அதில் மிதக்கும் ஒரு வேர்க்கடலையும் போட்டு ஒராங்குட்டான் குரங்குகளிடம் கொடுத்தார்கள். ஐந்து குரங்குகளும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாயில் தண்ணீர் மொண்டு வந்து, குழாய்க்குள் துப்பி, கடலையை மேலே கொண்டுவந்துவிட்டன. இது வெளியானது 2007-ல். பிறகு அதே புதிரைக் குழந்தைகளிடம் வைத்தார்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் மிகச் சிலர்தான் கண்டுபிடித்தார்கள். ஆறு வயதில் பாதிக்குக் குறைவு. எட்டு வயதில் பாதியைத் தாண்டினார்கள்.

அதாவது வயது ஏற ஏற மேல். அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். “அவன் எதுலதான்டா தண்ணி ஊத்தலை? ஷூல ஊத்துவான், ரிமோட்ல ஊத்துவான்.” உண்மைதான். மிதக்கும் தத்துவத்தைப் பையன் யோசித்துக் கண்டுபிடித்தானா, அல்லது ஓட்டை எங்கே கண்டாலும் ஊற்றும் வழக்கம் அன்று வேலை செய்துவிட்டதா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. பீரோவைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

இன்னொரு சோதனையும் இதே பக்கம்தான் பேசுகிறது. வளைக்கக்கூடிய கம்பியைக் கொடுத்து, குழாய்க்குள் இருக்கும் சின்ன வாளியை எடுக்கச் சொன்னால், கம்பியைக் கொக்கியாக வளைக்க வேண்டும் என்று ஐந்து வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தோன்றுவதில்லை. ஒரு காகம் இதைச் செய்திருக்கிறது. ஆக்ஸ்போர்டில் இருந்த, ‘பெட்டி’ (Betty) என்று பெயர் வைக்கப்பட்ட நியூ கலிடோனியக் காகம் 2002-ல் கம்பியை வளைத்துத் தீனி வாளியைத் தூக்கியது உலகப் பிரசித்தம்.

ஆகவே ‘குழந்தைகள் நம்மைவிடப் படைப்பாற்றல் மிக்கவர்கள்’ என்று மொத்தமாகச் சொல்வது சரியில்லை. பல படிகளை மனதில் நிறுத்தி, இல்லாத ஒன்றைச் செய்து முடிக்கும் வேலையில் அவர்கள் நமக்குப் பின்னால்தான். அவர்களுக்கு இருக்கும் அனுகூலம் ஒன்றே ஒன்று: அவர்கள் முடிவைச் சீக்கிரம் எழுதிவிடுவதில்லை. இது இப்படித்தான் என்று ஃபைலை மூடிவைக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. நாம் கடன் வாங்க வேண்டியதும் அந்த ஒன்றைத்தான்.

வழக்கமான மசால் தோசை

இந்த அனுகூலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் அலிசன் காப்னிக் தரும் விளக்கம் எனக்குப் பிடித்தது. கணினி அறிவியலில் ஒரு பழைய சிக்கல் உண்டு. தெரிந்ததை வைத்துப் பலன் எடுப்பதா, தெரியாததைத் தேடிப் போவதா? ஹோட்டலில் உட்கார்ந்ததும் நமக்கும் அதே சிக்கல்தான். மசால் தோசை நன்றாக இருக்கும் என்று தெரியும். பட்டியலில் கடைசியில் இருப்பது எப்படி இருக்கும் என்று தெரியாது. பசி நேரம், காசு நம்முடையது. சரி, மசால் தோசையே கொண்டு வாங்க.

பெரியவர்களின் நாள் முழுக்க இப்படி மசால் தோசையாகவே போகிறது. அதில் தப்பும் இல்லை. நாம் சம்பாதிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குழந்தைக்கு இந்தப் பொறுப்பு எதுவும் கிடையாது. சோறு யாரோ போடுகிறார்கள். அதனால் கடைசிப் பெயர் வரைக்கும் தேடிப் பார்க்கும் வசதி அதற்கு இருக்கிறது. மனிதக் குழந்தைப் பருவம் இவ்வளவு நீளமாக இருப்பதே இந்தத் தேடலுக்காகத்தான் என்பது காப்னிக்கின் கட்சி.

அவரும் கிறிஸ்டோஃபர் லூகாஸ் முதலானோரும் 2014-ல் வெளியிட்ட சோதனை இதைச் சுவையாகக் காட்டுகிறது. ஓர் இயந்திரம். சரியான கட்டையை மேலே வைத்தால் விளக்கு எரியும். பொதுவாக நாம் எதிர்பார்ப்பது, ஏதோ ஒரு கட்டைதான் அதை எரிய வைக்கிறது என்று. ஆனால் சிலருக்கு, இரண்டு கட்டைகளைச் சேர்த்து வைத்தால்தான் எரியும் என்பதை முன்னோட்டமாகக் காட்டினார்கள். பிறகு புதிய கட்டைகளைக் கொடுத்து, எவையெல்லாம் வேலை செய்பவை என்று கேட்டார்கள். நாலைந்து வயதுக் குழந்தைகள் அந்த வினோத விதியை ஏற்றுக்கொண்டு அதன்படியே பதில் சொன்னார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களோ, கண்ணால் பார்த்த பிறகும் ‘ஒரு காரணம், ஒரு விளைவு’ என்ற பழைய விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் அதுவரை பார்த்த சுவிட்சுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் வேலை செய்திருக்கும்.

குழந்தைகளின் இந்தத் திறந்த தன்மை லேசில் சுருங்கியும் போகும். 2011-ல் எலிசபெத் போனவிட்ஸ் குழுவினர் ஒரு விசித்திர பொம்மையைச் செய்தார்கள். ஓர் இடத்தை இழுத்தால் கீச்சிடும், இன்னோர் இடத்தில் விளக்கு எரியும், வேறோர் இடத்தில் இசை வரும், ஒரு குழாய்க்குள் முகம் பார்க்கும் கண்ணாடி ஒளிந்திருக்கும். சில குழந்தைகளிடம் ஆய்வாளர் டீச்சர்போல வந்து, “இது எப்படி வேலை செய்யுது பாரு” என்று கீச்சிடுவதை மட்டும் காட்டினார். வேறு சிலரிடம் தெரியாமல் கைபட்டுக் கீச்சிட்டதுபோல நடித்தார். டீச்சரிடம் பாடம் கேட்டவர்கள் கீச்சிடுவதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்ற ரகசியங்களை அவ்வளவாகத் தேடவில்லை. இவ்வளவுதான் இதில் இருக்கிறது, இல்லாவிட்டால் டீச்சர் சொல்லியிருப்பாரே என்று அவர்கள் ஊகித்திருக்கலாம். புத்திசாலித்தனமான ஊகம்தான். புது வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒருவர் காட்டிக்கொடுத்த எக்செல் வழியையே பத்து வருடம் பின்பற்றும் நாமும் அதே ஊகத்தில்தான் இருக்கிறோம்.

பரிசு என்கிற பூட்டு

முடிவைச் சீக்கிரம் எழுத வைக்கும் இன்னொன்று பரிசு. 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் வளாகத்து மழலையர் பள்ளியில் செய்த சோதனை இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் ஒன்றும் சொல்லாமல் பேனாக்களை வெறுமனே மேஜையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசு பேசி வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது இப்போது கூலி வேலை. கூலி நின்றது, வேலையும் நின்றது.

பெரியவர்களிடமும் இதற்கு உறவான ஒன்று நடக்கிறது. டங்கரின் மெழுகுவர்த்திப் புதிரையே 1962-ல் சாம் குளுக்ஸ்பெர்க் பணம் வைத்து நடத்தினார். சீக்கிரம் முடித்தால் காசு என்று சொல்லப்பட்டவர்கள் தாமதமாகத்தான் முடித்தார்கள். பெட்டியை முன்பே காலியாக வைத்து, புதிரை எளிதாக்கியபோது மட்டும் காசு வேகத்தைக் கூட்டியது. வழி தெரிந்த வேலைக்குக் காசு உதவும். வழி தெரியாத வேலையில் கண்ணை ஒரே இடத்தில் குத்திட வைத்துவிடும்.

சரி, நாம் என்ன செய்யலாம்

‘குழந்தையாக மாறிவிடுங்கள்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாறவும் முடியாது, மாறினால் பீரோ நனையும். இருந்தாலும், 2010-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், ‘உனக்கு ஏழு வயது, இன்று பள்ளிக்கு விடுமுறை, என்ன செய்வாய்?’ என்று கற்பனை செய்து எழுதிய கல்லூரி மாணவர்கள், ‘இன்று வகுப்பு இல்லை’ என்று மட்டும் நினைத்து எழுதியவர்களைவிட அடுத்து வந்த படைப்பாற்றல் சோதனையில் வித்தியாசமான பதில்கள் தந்தார்கள். ஒரே ஒரு சிறிய ஆய்வு, அதன்மேல் மாளிகை கட்ட வேண்டாம். செலவில்லாத விஷயம் என்பதால் முயன்று பார்க்கலாம்.

எனக்கு அதைவிட உபயோகமாகத் தெரிவது செய்து பார்த்துவிட்டு யோசிக்கும் பழக்கம். பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கிய ஒரு விளையாட்டை டாம் வூஜெக் என்பவர் பல நாடுகளில் நடத்தினார். 20 வேகாத ஸ்பாகெட்டிக் குச்சிகள், ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், பஞ்சுபோன்ற ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். 18 நிமிடத்தில் தானாக நிற்கும் கோபுரம் கட்டி, உச்சியில் மிட்டாயை வைக்க வேண்டும். மேலாண்மை படித்தவர்கள் தலைவர் யார் என்று பேசி, படம் போட்டு, நேர்த்தியாகக் கட்டி, கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைப்பார்கள். கோபுரம் மடங்கி விழும். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாயை ஆரம்பத்திலேயே கையில் எடுத்துவிடுகிறார்கள். குட்டையாக ஒன்று கட்டி, மேலே வைத்து, விழுந்தால் வேறு மாதிரி கட்டி, மறுபடியும் வைத்து… சராசரியாக அவர்களின் கோபுரம் மேலாண்மை பட்டதாரிகளுடையதைவிட உயரம். இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: எல்லோரையும்விட உயரமாகக் கட்டியவர்கள் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும்தான். படிப்பு வீண் போகவில்லை. மிட்டாயின் கனத்தைக் கடைசிவரை சோதிக்காமல் விட்ட படிப்புதான் விழுந்தது.

ஆகவே எந்த வேலையிலும், எது கனமோ அதை முதலிலேயே மேலே வைத்துப் பாருங்கள். கட்டுரை எழுதினால் பயமாக இருக்கும் பத்தியை முதலில். கடை போட்டால் பலகையும் பெயரும் அப்புறம், நாலு பேர் காசு கொடுத்து வாங்குகிறார்களா என்பது முதலில்.

இன்னொன்று வீட்டிலேயே செய்யலாம். அமெரிக்க உளவியலாளர் ஜே. பி. கில்ஃபோர்டின் புகழ்பெற்ற பயிற்சி இது: ஒரு சாதாரணப் பொருளைச் சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அடுக்குவது. செங்கல்தான் வழக்கமான உதாரணம். ஒரு விதி மட்டும் முக்கியம், நேரம் முடியும்வரை யாரும் யாரையும் பார்த்து “அது எப்படி முடியும்?” என்று கேட்கக் கூடாது. பொருத்தம் பார்ப்பது அப்புறம். முதலில் வரும் பதில்கள் பெரும்பாலும் ஞாபகத்திலிருந்து வருபவை, எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும். சரக்கு தீர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகு வருபவைதான் வித்தியாசமானவை என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் வறட்சி வந்ததும் எழுந்து போய்விடக் கூடாது.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தினோம். பொருள், பழைய சைக்கிள் டயர். ஐந்து நிமிடம். நான் ஊஞ்சல் என்றேன், பூச்செடிக்கு வரப்பு என்றேன், அத்தோடு நின்றுவிட்டேன். அக்கா, வெட்டினால் செருப்புக்கு அடிப்பாகம் என்றாள். பையன் நிறுத்தவே இல்லை: பாம்புக்கு வீடு, நிலாவுக்கு பிரேம், சாமிக்கு வளையல், பூனை தாண்டறதுக்கு, தண்ணி ஊத்தி நீச்சல்குளம். (தண்ணீர் வராமல் இருக்குமா.) அம்மா சமையலறையில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், நேரம் முடிந்து நாங்கள் எண்ணத் தொடங்கியபோது எட்டிப் பார்த்தார்.

“ஏண்டா, இத்தனை சொன்னீங்களே, அதை எடுத்து ஒரு சைக்கிள்ல மாட்டலாம்னு ஒருத்தரும் சொல்லலையே?”